ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும் அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் போளூர் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். கட்டட வேலையில் சித்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் 18 வருஷம் கொத்தனாராக இருந்தவர். இப்போது பூச்சுக் கரண்டி பிடிக்க முடியாது.

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வரும் உங்கள் பேப்பரை மத்தியானத்துக்கு மேல் வாங்கி வந்து படிப்பேன். சாரம் சரிந்து தொழிலாளி காயம், சென்டரிங் இடிந்து இருவர் பலி என்று அடிக்கடி செய்தி வருகிறது. நாலைந்து வரிதான் இருக்கும். கடைசி வரியில் "போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்" என்று முடிந்துவிடும். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுப் பெண் இந்நேரம் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், யார் அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள். அதனால் இதை எழுதுகிறேன்.

2021 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. சென்னைக்குத் தெற்கே அடுக்குமாடி கட்டும் சைட். இரண்டு பேரும் அங்கேதான் வேலை. அவர் வெளிச்சுவர் பூச்சில் இருந்தார், நான் கீழே கலவை போட்டுக்கொண்டிருந்தேன். சாரம் சவுக்குக் கம்பில் கட்டியது. கயிறு புதுசு இல்லை, முன்னால் முடிந்த சைட்டில் அவிழ்த்துக் கொண்டுவந்தது. காலையிலேயே அவர் மேஸ்திரியிடம் "பலகை ஆடுதுண்ணே" என்று சொன்னார். "இந்த ஒரு சுவரு முடிச்சிடு, நாளைக்கு மாத்திக் கட்டிடலாம்" என்றார் மேஸ்திரி. பாதுகாப்பு பெல்ட் யாருக்கும் கிடையாது. பதினொரு மணி இருக்கும். நான் பாண்டைத் தலையில் தூக்கி நிமிர்ந்தபோது மேலே கம்பு முறிகிற சத்தம் கேட்டது. பலகையோடு வந்து விழுந்தார். கிட்டத்தட்ட 15 அடி உயரம். வலது குதிகால் எலும்பு நொறுங்கிப்போனது. கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டும் முறிந்தது.

மேஸ்திரி ஆட்டோ பிடித்து முதலில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், நான் வாய் திறப்பதற்கு முன்பே, "வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டார்" என்று சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சைட்டுன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும் தங்கச்சி. ஆபரேஷன் லேட் ஆகும். கம்பெனி எல்லாத்தையும் பாத்துக்கும், நீ பேசாம இரு" என்றார். பயத்தில் பேசாமல்தான் இருந்தேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கம்பெனி ஆள் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

அங்கே அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, பெரிய நோட்டில் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார்?" என்று கேட்டார். மேஸ்திரி என் கையை அழுத்தினார். எனக்கு அந்த நேரத்தில் சட்டம் எதுவும் தெரியாது, நஷ்டஈடு என்ற நினைப்பும் இல்லை. என் சேலை முழுக்கச் சிமெண்ட் அப்பிக் கிடந்தது. இந்தக் கோலத்தில் நின்றுகொண்டு வீட்டில் விழுந்தார் என்று எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் யோசித்தேன். "சைட்ல சாரத்துல இருந்து விழுந்தாரும்மா" என்றேன். அவர் அதை அப்படியே எழுதினார். கட்டட வேலை நடக்கும் இடத்தில், சுமார் 15 அடி உயரச் சாரத்திலிருந்து, காலை 11 மணி அளவில் விழுந்ததாகச் சொல்கிறார்கள் என்று. குடித்த வாடை இல்லை என்றும் ஒரு வரி எழுதினார்.

விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அது இதுதான். மூன்று வருஷம் கழித்து எங்கள் வழக்கு நின்றது அந்த இரண்டு வரியில்தான். தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கம்பெனி வக்கீல் நீட்டினார், வீட்டில் விழுந்தவர் என்று. அதே நாளில் எழுதிய அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர். மட்டும் இல்லையென்றால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது. "சைட்டுன்னு சொன்னா வைத்தியம் லேட் ஆகும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எங்களுக்கு யாரும் அதற்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்கவில்லை.

பத்தாம் நாள் கம்பெனி ஆள் 40,000 ரூபாயும் 20 ரூபாய் முத்திரைத்தாளும் கொண்டுவந்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, எங்கும் வழக்குப் போட மாட்டேன்" என்று டைப் அடித்திருந்தது. வலது கை கட்டில் இருந்ததால் இடது பெருவிரலை உருட்டினார்கள். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. வாங்கிக்கொண்டோம். அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அடுத்து ஊரடங்கு வந்தது, வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்துவிட்டோம். அந்த 40,000 போன வழி தெரியவில்லை. என் தோடு அடகுக்குப் போனது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஏழு மாதம் ஆனது.

சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது 2022 டிசம்பரில். எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்திய முகாமுக்கு முதியோர் பென்ஷன் விஷயமாக மாமியாரைக் கூட்டிப் போனேன். அங்கே பேசிய வக்கீல் அம்மா, வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்று சொன்னார். கணக்குப் பார்த்தேன், இன்னும் மூன்று மாதம் பாக்கி. எழுந்து நின்று கேட்டேன், "கைநாட்டு வெச்சுக் கொடுத்துட்டோமே அம்மா?" என்று. அவர் சொன்ன பதிலை இந்தக் கடிதத்தைப் படிக்கும் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அமலில் இருந்த 1923-ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில், நஷ்டஈட்டு உரிமையைத் தொழிலாளியே விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது என்று இருந்ததாம். முதலாளியும் தொழிலாளியும் ஒரு தொகைக்குச் சம்மதித்தாலும் அதை இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து உருட்டிய பெருவிரலுக்கு மதிப்பில்லை. வைத்தியத்துக்கென்று கொடுத்த பணமும் நஷ்டஈடு ஆகாது.

ஆணைக்குழுவே இலவசமாக வக்கீல் போட்டுக் கொடுத்தது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர் இவர்களுக்கெல்லாம் 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். விபத்து நடந்தது சென்னைப் பக்கம் என்றாலும், குடியிருக்கும் இடத்து அலுவலகத்திலேயே மனு போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் எங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் போட்டோம். தொழிலாளர் துணை ஆணையர்தான் விசாரிப்பவர். சென்னைக்குப் போய்வர வேண்டும் என்றிருந்தால் பஸ் காசுக்கே நான் வழக்கை விட்டிருப்பேன். இன்று நம் சைட்டுகளில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துத் தம்பிகள். அடிபட்டவுடன் ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களும் ஊரிலிருந்தே மனு போடலாம் என்பதை யாராவது அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும்.

வழக்கில் கம்பெனி முதலில் சொன்னது, "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று. மேஸ்திரி கூட்டிவந்த ஆள், மேஸ்திரியைக் கேளுங்கள் என்றார்கள். மேஸ்திரியும் எங்களைப் போலக் கஷ்டப்படுகிறவர்தான், அவரிடம் என்ன இருக்கிறது? ஆனால் கட்டி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்தாலும், அடிபட்டவருக்கு அவரே கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று அதே 1923-ஆம் வருஷச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொன்னது. (தான் குடியிருக்கச் சொந்தமாக வீடு கட்டுகிறவர் விஷயம் வேறு. வீடு கட்டுவது அவருக்குத் தொழில் இல்லை. அங்கே வேலையை ஒப்பந்தம் எடுத்தவர்தான் பெரும்பாலும் முதலாளியாக நிற்பார்.)

அப்புறம், தினக்கூலி, நிரந்தர ஆள் இல்லை என்றார்கள். அவ்வப்போது வேலைக்கு வருகிறவருக்கு இல்லை என்று ஒரு காலத்தில் இருந்த வாசகத்தை 2000-ஆம் வருஷத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் வக்கீல் காட்டினார். அதற்கடுத்து, குடித்திருந்தார் என்றார்கள். இதைக் கேட்டபோது என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. டாக்டரம்மா எழுதிய அந்த இரண்டாவது வரி அங்கே உதவியது. உயிர் போயிருந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆகியிருந்தாலோ குடியைச் சாக்காகச் சொல்லவே சட்டம் விடாது. மற்றக் காயங்களில், குடித்ததால்தான் விழுந்தார் என்பதை முதலாளி நிரூபிக்க வேண்டும்.

அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன சாட்சி? மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, என் நோட்டு. பால் கணக்கு எழுதுகிற சின்ன நோட்டில் ஒவ்வொரு நாளும் யார் யார் ஆள், எவ்வளவு முன்பணம் என்று எழுதி, சனிக்கிழமை சம்பளத்தின்போது மேஸ்திரியிடம் ஒரு கிறுக்கல் வாங்கிவிடுவேன். இரண்டு, சில வாரம் மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய பணத்தின் விவரம். மூன்று, எங்களோடு வேலை பார்த்த செங்கம் பக்கத்து அக்கா. வந்து கூண்டில் நின்று பார்த்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மேஸ்திரி அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அந்த அக்காவுக்கு நான் பட்ட கடனை எந்தப் பணத்தாலும் அடைக்க முடியாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு என்று சட்டத்தில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். உயிர் போனால் 50 சதவீதம். என் வீட்டுக்காரருக்கு அப்போது வயது 40. அந்த வயதுக்கு எண் 184.17. அவர் நாள் கூலி 900, மாதம் 26 நாள் என்றால் 23,400. ஆனால் எவ்வளவு சம்பாதித்தாலும் 15,000 வரைதான் கணக்கில் வரும் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு. ஒரு கொத்தனாரின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது அநியாயம். அந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்று உங்கள் பேப்பர் எழுத வேண்டும். சரி, 15,000-த்தில் 60 சதவீதம் 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். அதில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு சதவீதம் போனதோ அவ்வளவு கிடைக்கும்.

இங்கேதான் பெரிய சண்டை. மருத்துவர் ஊனம் 40 சதவீதம் என்று சான்று கொடுத்தார். அதன்படி பார்த்தால் 6,63,012 ரூபாய். ஆனால் உடம்பில் போனது 40 சதவீதம் என்பதும், தொழிலில் போனது எவ்வளவு என்பதும் ஒன்றில்லை. குதிகால் நொறுங்கியவர் சாரம் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. மணிக்கட்டு திரும்பாதவர் சுவரில் கலவையை வீச முடியாது. எங்கள் வக்கீல் உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டினார். ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968-ல் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை இருக்கிறதே என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்குப் போனது முழுத் திறனும்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாச சபதா என்று அந்த வழக்குக்குப் பேர். பார்க்காத அந்தத் தச்சரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

விசாரணை நாளில் துணை ஆணையர் என் வீட்டுக்காரரிடம், "ஒரு கரண்டியைப் பிடித்துக் காட்டுங்கள்" என்றார். பழைய கரண்டியைப் பையில் கொண்டுபோயிருந்தோம். அவர் பிடித்தார். திருப்பச் சொன்னபோது மணிக்கட்டு திரும்பவில்லை, முழங்கையும் தோளும்தான் சேர்ந்து திரும்பியது. காட்சி பொம்மை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. 60 சதவீதம் என்று தீர்ப்பானது. 9,94,518 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் என்பதால் 12 சதவீத வட்டி, வருஷத்துக்கு 1,19,342 வீதம். மேல்முறையீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். முதலாளி போவதென்றால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டினார்கள், போகவில்லை.

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிற இந்த வழக்கு முடிய 21 மாதம் ஆனது. 2024 அக்டோபரில்தான் தீர்ப்பு. எத்தனை வாய்தா! ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு ஒரு நாள் கூலி போனது. நடக்க முடியாதவரை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிக்கொண்டு போய், "அடுத்த மாதம் வாங்க" என்று கேட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் அது தெரியும்.

நலவாரியத்தையும் சொல்ல வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அவருடைய அட்டையை நாங்கள் புதுப்பிக்காமல் விட்டோம், அதனால் வாரியத்தின் விபத்து உதவி கிடைக்கவில்லை. வாரியப் பணம் வாங்கினால் கம்பெனியிடம் கேட்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு, இரண்டும் வேறு வேறு. ஆனால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு இருந்தால் நஷ்டஈடு அங்கேதான் கேட்க வேண்டும், இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. போலீஸ் வழக்கும் தனி. அதில் தண்டனை, அபராதம் வரலாம், நஷ்டஈடு அதனால் தானாக வந்துவிடாது. ஆனாலும் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்கி வைப்பது நல்லது. அதுவும் ஒரு சாட்சி.

2025 நவம்பர் 21-லிருந்து பழைய 1923-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ஆம் வருஷச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது என்று எங்கள் பக்கம் பேச்சு கிளம்பியிருக்கிறது. வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு வருஷக் கெடு, ஒப்பந்தக்காரருக்கு மேலே இருப்பவரின் பொறுப்பு, 50, 60 சதவீதக் கணக்கு எல்லாம் அதிலும் இருக்கிறது என்றார். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகூட, வேலையோடு தொடர்பு இருந்தால், அதில் சேரும் என்றார். விடிகாலையில் லோடு வண்டியில் நின்றுகொண்டே சைட்டுக்குப் போகிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

போன மாதம் ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த தெருப் பெண் போன் செய்தாள். அவள் மகனுக்கு 22 வயது, வேலூர் பக்கம் ஒரு சைட்டில் லிஃப்ட் குழியில் விழுந்துவிட்டான். "அக்கா, பைக்கில இருந்து விழுந்தான்னு சொல்லச் சொல்றாங்க" என்றாள். "டாக்டர் கேட்டா நடந்ததைச் சொல்லு. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லு. எதுலயும் கையெழுத்துப் போடாதே" என்றேன். மறுநாள் நானே போய், ஏ.ஆர். நகல் எப்படிக் கேட்டு வாங்குவது என்று கூட நின்று சொல்லிக் கொடுத்தேன்.

எல்லோர் வீட்டுக்கும் நான் போக முடியாது. உங்கள் பேப்பர் போகும். ஐயா, கட்டட விபத்துச் செய்தி போடும்போதெல்லாம் அதற்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். விபத்து நடந்த இடத்தை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள், இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், இலவச வக்கீலுக்கு 15100 என்று மூன்றே வரி. விளம்பரத்துக்கு விடும் இடத்தில் இரண்டு அங்குலம் போதும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு சித்தாள்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.